சீனப் பத்தியம்

சீனாவில் போய் இறங்கும்வரை பஸ்ரியனுக்குத் தன்னுடைய மூளையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

பேசாலைக் கடற்கரையில் அட்டை வாடி என்கிற கொட்டகை நடத்துகிறவர் அவர். கடலட்டையை அவித்து, காயவைத்து, மூட்டை கட்டிச் சீனாவுக்கு அனுப்புவது இருபது வருடத் தொழில். ஊரில் அதை ஒருவரும் வாயில் வைப்பதில்லை. பஸ்ரியனும் வைத்ததில்லை. வாங்குகிறவர் லின் என்ற குவாங்சோ முதலாளி. "மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு கிழமை என் விருந்தாளி" என்று லின் அழைத்ததும் பஸ்ரியனின் மூக்கில் ஏறியது பன்றி இறைச்சி மணம்.

காரணம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் டொக்டர் ஒருவர் அவருடைய இரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொலஸ்ரோலும் சீனியும் கொஞ்சம் கூட என்று ஒரே ஒரு தரம் சொன்னார். மிச்சத்தை மனைவி அன்ரோனெற் பார்த்துக்கொண்டாள். பண்டி இல்லை, நண்டு இல்லை, பொரியல் இல்லை. காலையில் குரக்கன் என்கிற கேழ்வரகுப் புட்டு, இரவில் குரக்கன் ரொட்டி, நடுவில் அவற்றைப் பற்றிய பயம். மற்றவர்களுக்குத் தவக்காலம் நாற்பது நாள். பஸ்ரியனுக்கு அது உயிர்த்த ஞாயிறையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"டொக்டர் சீனியைத்தான் தொடக்கூடாதெண்டவர்," என்றார் வாடியில் கூட்டாளி அம்புறோஸிடம். "சீனாவைத் தொடக்கூடாதெண்டு சொல்லேல்லையே!"

"மனுசியும் வருகுதெல்லே?"

"வரட்டும். முதல் நாளே பூச்சி விக்கிற தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போறன். பல்லியைக் கண்டாலே கதிரையில ஏறி நிக்கிறவள், அதுக்குப் பிறகு ஹோட்டல் அறையை விட்டு வெளிக்கிடுவாளோ? மிச்ச நாளெல்லாம் நானும் பண்டியும்தான்."

அம்புறோஸ் எழும்பி நின்று கை கொடுத்தார். அப்படி ஒரு திட்டம் அது.

விமான நிலையத்தில் லின் முதலாளி குனிந்து, இரண்டு கையாலும் தன் பெயர் போட்ட அட்டையை நீட்டினார்.

"பாத்தியே அன்ரோ! இருபது வருசமா நான் அவருக்கு அட்டை குடுத்தனான். இண்டைக்குத்தான் அவர் எனக்கொரு அட்டை தந்தவர்," என்று பஸ்ரியன் தானே சொல்லித் தானே சிரித்தார். அன்ரோனெற் சிரிக்கவில்லை. கைப்பையில் குரக்கன் மா பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

அன்று பின்னேரமே பூச்சித் தெரு. தள்ளுவண்டிகளில் நீளம் நீளமாகக் குச்சிகள். குச்சிகளில் என்னென்னவோ.

"இஞ்சேருங்கோ, இதென்ன குத்தி வச்சிருக்கு?"

"தேள்."

"கால் ஆடுது!"

"ஆடும். உயிர் இருக்கெல்லே." பஸ்ரியன் முகத்தைத் துக்கமாக்கினார். "இஞ்ச இதுதான் சாப்பாடு. காலமை தேள், மத்தியானம் பட்டுப்புழு, பின்னேரம் வெட்டுக்கிளி. வேற ஒண்டும் கிடையாது. உனக்கு ஒத்துவராது, அன்ரோ. நீ அறையில இருந்து பாணும் ஜாமும் சாப்பிடு. நான் தொழில் விசயமா வந்தனான், திண்டுதான் ஆகவேணும். என்ரை தலைவிதி."

ஒரு பெருமூச்சு விட்டார். திரும்ப இழுத்த மூச்சில் பக்கத்துத் தெருவில் பண்டி வாட்டும் மணம் வந்தது. இன்னொரு பெருமூச்சு விட்டார். இது உண்மையானது.

அன்ரோனெற் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். தமிழில் சொன்னால் அது சீனத்தில் சொல்லும். மகள் போட்டுக் கொடுத்த வசதி.

"தம்பி, இதை எண்ணெயில போடாமல் தணல்ல வாட்டித் தரேலுமோ?"

கைப்பேசி கீச்சிட்டது. கடைக்காரன் தலையாட்டினான்.

"ஆருக்கு?" என்றார் பஸ்ரியன்.

"எனக்கு."

சிலுவை அடையாளம் போட்டாள். கடித்தாள். மொறுக்கென்றது.

"றால் தலை சுட்ட மாதிரிக் கிடக்கு. மோசமில்லை."

"நீ... நீ பல்லிக்கே பயமெல்லோ!"

"பல்லி ஓடும். இது எங்க ஓடுது?" மறுபடி கைப்பேசியிடம், "தம்பி, இதில கொலஸ்ரோல் இருக்கோ?" என்று கேட்டாள்.

கடைக்காரன் நெஞ்சில் தட்டி நீளமாக ஏதோ சொன்னான். கைப்பேசி சுத்தத் தமிழில் அறிவித்தது: "கொழுப்பு இல்லவே இல்லை. ஆண்களுக்கு மிகவும் நல்லது. மனைவிமார் வாங்கிச் செல்வார்கள்."

"கேட்டியளோ? தொழில் விசயமா வந்தனீங்கள். வாயைத் திறவுங்கோ."

தேள் கொட்டி அழுதவர்களைப் பஸ்ரியன் கண்டிருக்கிறார். தேளைக் கடித்து அழுதது அவர்தான். நாலு தேள். அதன் பிறகு எட்டுப் பட்டுப்புழு. புழு ஒவ்வொன்றும் வாய்க்குள் வெடித்தது. அன்ரோனெற் ஒன்றுவிடாமல் வீடியோ எடுத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் லின் முதலாளியின் விருந்து. பஸ்ரியனுக்கு உயிர் திரும்பியது. பெரிய மண்டபம், வட்ட மேசை. லின்னின் கோப்பைக்குப் பக்கத்தில் வருகிற வருடத்து ஒப்பந்தம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. முழுப் பண்டிக்குட்டி ஒன்று, தோல் பொன்னாக மினுங்க, ஊர்வலமாக வந்தது. வந்து, அன்ரோனெற்றின் முன்னால் இறங்கியது.

பஸ்ரியனின் முன்னால் மூடிய தட்டம் ஒன்று. திறந்தார்கள். தேள், புழு, வெட்டுக்கிளி, பெயர் தெரியாத நாலு சாதி.

லின் எழும்பிப் பேசினார். கைப்பேசி மொழிபெயர்த்தது: "எங்கள் பூச்சிகள் மீது நண்பருக்கு இவ்வளவு ஆசை என்று நான் அறிந்திருக்கவில்லை. அம்மையார் அனுப்பிய காட்சியில் அவருடைய கண்ணீரைக் கண்டு நானும் அழுதேன். பன்றி அவருக்கு ஆகாது என்றும் அறிந்தேன். ஆகவே விசேட சமையற்காரர் ஒருவரை அழைத்திருக்கிறேன்."

மண்டபம் கைதட்டியது.

"அன்ரோ," பஸ்ரியன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார், "நான் சொன்னது பொய். இஞ்ச எல்லாச் சாப்பாடும் இருக்கு. ஒரு துண்டு. அந்தத் தோலில ஒரே ஒரு துண்டு."

"பொய்யெண்டு தெரியும்."

"எப்ப தொட்டு?"

"பிளேனுக்குள்ள. நித்திரையில 'பண்டி, பண்டி' எண்டு கத்தினனீங்கள். தண்ணி கொண்டு வந்த பிள்ளை தமிழ்ப் பிள்ளை. தன்னைத்தான் ஏசுறியள் எண்டு அழுதிட்டுது. நான்தான் மன்னிப்புக் கேட்டனான்."

லின் ஒப்பந்தத்தில் விரலால் தாளம் போட்டபடி விருந்தாளியின் வாயையே பார்த்தார். பஸ்ரியன் கண்ணை மூடினார். எல்லாவற்றையும் தின்றார். பெயர் தெரியாத நாலு சாதியையும் தின்றார். லின் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, சமையற்காரரின் தோளில் தட்டி ஏதோ சொன்னார்.

"இவர் மிச்ச ஐந்து நாளும் உங்களுடனேயே இருப்பார்," என்றது கைப்பேசி.

பஸ்ரியன் மனைவியின் பக்கம் திரும்பினார். அன்ரோனெற் உதட்டில் ஒட்டிய பண்டித் தோலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பயப்பிடாதேங்கோ. கேட்டனான், உப்பும் குறைச்சுத்தான் போடுவாராம்."