தாய்மாமன் மடிக்கு இடம் தராத கார்

பூசணிக்காயைக் காரில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு, கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் நாயுடுபுரத்தில் இருந்தார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் எழுதியிருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் பெல்ட்டு அண்ணன்.

நான் கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்த புதிது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். டாக்சி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் எத்தனை பேரை வண்டிக்குள் அடைக்கலாம் என்று பார்ப்பார்கள். இவர் யாரை இறக்கிவிடலாம் என்று பார்ப்பார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினால் அவருடைய அம்பாசடர் கிளம்பாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னத் தலை நீண்டால் ஓடுகிற வண்டி நின்றுவிடும். ஒருமுறை சீசனுக்கு வந்த குடும்பம், பையனைப் பின்சீட்டின் மேல் நிற்கவைத்துக் காட்சி காட்டிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "அவரு உக்காந்ததும் போவோங்க" என்று பேப்பரை விரித்துவிட்டார். அந்த 'அவரு'க்கு வயது நாலு. பையனுக்குக் கிடைத்த அந்த மரியாதையில் அப்பாவுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். என்னிடம், போலீசில் புதுச் சட்டம் வந்திருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு டீச்சரிடம், மடியில் பிள்ளை இருந்தால் சீட்டு ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்றிருக்கிறார். காய்கறிக் கடைக்காரரிடம், முருகன் கனவில் வந்து சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் கடையில் நாங்கள் மூவரும் இதைப் பேசப்போக, முருகன் ஏன் ஸ்பிரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று குழம்பி, வெங்காயம் வாங்காமலே வீடு திரும்பினேன்.

தெருவில் சிலர் ஒரு சோகக் கதையையும் கட்டிவிட்டார்கள். ஏதோ விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த மனிதராம். கதை நன்றாகப் பரவி, பெண்கள் அவரைப் பார்த்துக் கண் கலங்க ஆரம்பித்த வாரத்தில், அவருடைய மூன்று பையன்களும் தெருவில் கிரிக்கெட் ஆடி எங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். மூவரும் திடகாத்திரமாக ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை.

பூசணிக்காய் விஷயத்துக்கு வருகிறேன். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தங்கள் குழந்தையைக் காரில் உட்காரவைக்கிற சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் தாள் ஒன்று இருந்தது. ஆனால் அது இங்கிலீஷிலும் இல்லை. படத்தில் குழந்தை டிக்கிப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. படத்தைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறோமோ என்று ஸ்டாண்டில் பெரிய விவாதம் நடந்தது. முடிவு கிடைக்காமல் இவர் சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கி, சீட்டில் வைத்துக் கட்டி, ஏரிச் சாலைக்குக் கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போய் ஒரு பிரேக். காய் உருண்டு கீழே விழும். இறங்கி, வாரை வேறு மாதிரி இழுத்துக் கட்டுவார். மறுபடி ஏரி, மறுபடி பிரேக். சோளம் சுட்டு விற்கிறவர்கள், ஏதோ திருஷ்டி கழிப்பு என்று நினைத்து ஒதுங்கி நின்றார்களாம். கடைசியில், படத்தில் இருந்தபடியே டிக்கிப் பக்கம் பார்க்கச் சீட்டைக் கட்டியதும் விழாமல் வந்த காயை அவர் மனைவி கூட்டு வைத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

இந்தக் காரில்தான் என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் பழனிக்குப் புறப்பட்டோம். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். என் கணவர் முந்தின நாளே பழனிக்கு இறங்கி ஏற்பாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் நான், ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடையோடு வந்திருந்த என் நாத்தனார், வத்தலக்குண்டிலிருந்து சீர்த்தட்டோடு வந்திருந்த என் அண்ணன். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும். அண்ணன் அதற்காகவே பட்டு வேட்டி எடுத்திருந்தார். முன்சீட்டில் ஏறி, பிள்ளையைக் கொடு என்று கையை நீட்டினார்.

பெல்ட்டு அண்ணன் குறுக்கே வந்து நின்றார். "மடியெல்லாம் கோயில்ல வச்சுக்கங்கண்ணே. வண்டில கெடையாது."

"யோவ், நான் தாய்மாமன்யா."

"அது பிரேக்குக்குத் தெரியாதுங்களே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். தாய்மாமன் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டால் அந்த வருடம் முழுக்க இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஸ்டாண்டில் வேறு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சொல்கிறவரோ முருகனையும் ஸ்பிரிங்கையும் ஒன்றாகப் பேசியவர். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது மகள் பின்சீட்டில் ஏறி, அந்தக் குழந்தைச் சீட்டில் அச்சடித்திருந்த வாத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். எடுக்கப்போனால் அலறினாள். ஆக, அறிவால் அல்ல, வாத்தால்தான் அன்றைக்கு வழக்கு தீர்ந்தது.

அடுத்து நாத்தனார் பிடித்துக்கொண்டார். சாமியிடம் போகிற பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டா போகும் என்று கேட்டார். பெல்ட்டு அண்ணன் வாரை இழுத்துச் சரிபார்த்தபடியே, "திரும்பி வர்றப்ப பழனி மலையப் பாத்துக்கிட்டே வருமுல்லக்கா. நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல" என்றார். நாத்தனார் கோபப்படுவதா கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டு அண்ணன், முன்சீட்டிலிருந்த என் அண்ணனையும் பெல்ட் போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். நான் என்ன பூசணிக்காயா என்று கேட்டுவிட்டு, அண்ணன் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

பெருமாள்மலையில் பழனி ரோட்டில் திரும்பினோம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மகள் தூங்கிவிட்டாள். ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டுக்கு நடுவே காட்டுமாடு ஒன்று, சுவர் மாதிரி நின்றது.

பெல்ட்டு அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். நானும் நாத்தனாரும் முன்சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டோம். கொய்யாப்பழங்கள் பறந்தன. சீர்த்தட்டிலிருந்த தேங்காய் முன்கண்ணாடியில் மோதி, கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. அண்ணனின் நெற்றி டேஷ்போர்டில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. காட்டுமாடு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் இறங்கிப் போனது.

எனக்கு மகளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருந்தாள். விழித்துக்கொண்டு, மடியில் வந்து விழுந்த ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் நெற்றியைப் பிடித்தபடி நசுங்கிப்போன சீர்த்தட்டைப் பார்த்தார். பிறகு விரிசல் விட்ட கண்ணாடியைப் பார்த்தார். "புள்ள இங்கன இருந்திருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. நாத்தனார் மெல்ல அழ ஆரம்பித்தார்.

பெல்ட்டு அண்ணன் இறங்கி வந்து, மகளின் கை, கால், தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சொன்னேனே கேட்டீங்களா என்று இப்போது ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தோம். அவரோ போய் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன்தான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். உங்களுக்கு இதெல்லாம் முன்னாலேயே எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் பெல்ட்டு அண்ணன். "புள்ளைய மடியில வச்சுக்கிட்டு யாராச்சும் முன்னால உக்காந்தா எனக்கு ஸ்டேரிங்கப் பிடிக்கவே வராது. ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? வாயில வந்ததச் சொல்லி வைக்கிறது."

அன்று சொன்னபடி மொட்டை நடந்தது. மொட்டையடிக்கிறவர் அண்ணனின் நெற்றிப் புடைப்பைப் பார்த்து, நேர்த்திக்கடன் உங்களுக்கும் உண்டா என்று விசாரித்தார். தாய்மாமன் மடியில் மகள் மொட்டைத் தலையோடு கத்திய கத்தலில் சீர் நசுங்கிய கதை எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

பிறகு இரண்டு வருடம் கழித்து அண்ணன் மகனுக்கு மொட்டை. வத்தலக்குண்டிலிருந்து பழனிக்குச் சமதளப் பாதை, கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வண்டி வரும். அண்ணன் எனக்குப் போன் செய்து, அந்த மனுசன் வருவாரா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கொடைக்கானலிலிருந்து ஒரு கார் காலியாக மலையிறங்கி வர வேண்டுமா என்று கேட்டேன். வரச் சொல் என்று போனை வைத்துவிட்டார். பெல்ட்டு அண்ணன் வெள்ளனவே கிளம்பிப் போயிருக்கிறார்.

இப்போது நாங்கள் பெரிய நகரத்தில் இருக்கிறோம். வாடகைக் கார் போனில் தட்டியதும் வருகிறது. யார் எங்கே உட்கார்ந்தாலும், குழந்தை எங்கே நின்றாலும், டிரைவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு குழப்பம் வந்துவிடும். நம்மைத் திட்ட ஒருத்தர்கூட இல்லாத வண்டியில் எந்த நம்பிக்கையில் ஏறினோம் என்று.