சம்பந்தியின் மெல்லிய தண்டவாளம்

சாப்பாட்டு மேசைமேல் பொம்மை இன்ஜின் மறுபடியும் டக்டக்கென்று பல்லைக் கடித்துக்கொண்டு போய், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் சாய்ந்தது.

"விழுந்துடுச்சா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"படுத்திருக்கு," என்றார் பட்டன்கடைக்காரர். குறையுள்ள சரக்குக்கு வேறு பெயர் வைத்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த குடும்பம்.

எல்லாம் வாய் செய்த வினை. மகள் தானே பார்த்து முடிவு செய்த பையனின் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தார்கள். பையனின் அப்பா வாயைத் திறப்பேனா என்றிருந்தார். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வரிசையாகப் பொம்மை இன்ஜின்கள், மூக்கும் முழியுமாகத் துடைத்து வைத்தபடி. மாடியறை முழுக்கப் பாதை; நிஜத் தண்டவாளத்தை மந்திரம் போட்டுச் சுருக்கியதுபோல அத்தனை மெல்லிசு. மௌனம் பொறுக்காமல் பட்டன்கடைக்காரர் வாயை விட்டார்: "என்கிட்டயும் ஒரு இன்ஜின் இருக்குங்க. சின்ன வயசுல வாங்கினது."

சம்பந்தி அப்போதுதான் நிமிர்ந்தார். "பழசா? பழைய சக்கரம் இந்தப் பாதைக்குச் சரிப்படாதே. அடுத்த ஞாயிறு கொண்டு வாங்க, பார்ப்போம். மத்த விஷயமெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மத்த விஷயம் என்றால் கல்யாணம்.

பையன் பாவம், அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டாகப் பிரியும் துண்டுப் பாதை ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஒத்திகை அதில்தான்.

பழைய இன்ஜினின் சக்கர விளிம்பு ஆழம். புதுத் தண்டவாளமோ குள்ளம். விளிம்பு கீழே இறங்கி, தண்டவாளத்துக்கு அடியிலுள்ள குறுக்குக் கட்டைகளில் இடித்தது. "அரைச்சுட்டா போச்சு," என்று பட்டன்கடைக்காரர் இன்ஜினை மல்லாத்தி, கரண்ட் கொடுத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அரத்தை வைத்து விளிம்பைக் குறைத்தார். டக்டக் நின்றது. இன்ஜின் உற்சாகமாக வேகம் எடுத்தது. பாதை பிரியும் இடத்தில் முன்பு சாய்ந்தது, இப்போது மேசையை விட்டே குதித்தது.

மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா, ரெண்டு பக்கச் சக்கரமும் ரொம்ப நெருங்கி இருக்கு. பிரியற இடத்துல உள்பக்கமா போய் முட்டுது. கொஞ்சம் விலக்கி வைங்க."

விலக்கினார். ஓடியது. ஓட ஓடச் சக்கரங்கள், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி, மெல்ல மெல்லப் பழையபடி நெருங்கி வந்தன. கோபத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தார். ஒரு சக்கரம் கையோடு வந்தது.

"முன்னாடி சத்தம் போட்டுக்கிட்டாவது ஓடிச்சு," என்றாள் மனைவி. "உங்களை மாதிரி."

நெருங்காமல் இருக்க இடையில் ஏதாவது வேண்டும். கடையிலிருந்து சின்னப் பித்தளை வளையங்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் செருகினார். சுவிட்சைப் போட்டார். பித்தளை வழியாகக் கரண்ட் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. இன்ஜின் நகரவில்லை, புகை மட்டும் கிளம்பியது.

"ரயிலுக்குப் புகைதானே அழகு," என்று சமாளித்தார்.

"தீஞ்ச நாத்தமும் அழகா?"

மகள் சிரிக்கவில்லை. "விட்டுடுங்கப்பா. ஓடலைன்னு சொல்லிடலாம். அதுக்காகக் கல்யாணம் நின்னுடுமா என்ன?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள்.

"நிக்காதும்மா," என்றார் அவர், சாயம் போகாது என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லும் அதே குரலில்.

அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. கடைக்குத் திரும்பிப் போய் டப்பா டப்பாவாகக் கவிழ்த்தார். கோட்டுப் பட்டனுக்கு அடியில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் கண்ணில் பட்டது. பிளாஸ்டிக்கில் கரண்ட் பாயாது. கருகின ஒயரை மாற்றி, வளையத்தைச் செருகி, பயந்துகொண்டே ஓட்டினார். இன்ஜின் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டு மாடியறை.

"முதல்ல உங்க வண்டி ஒண்ணை ஓட்டிக் காட்டுங்களேன்," என்றார் பட்டன்கடைக்காரர்.

"விருந்தாளிதான் முதல்ல," என்றார் சம்பந்தி சட்டென்று.

இன்ஜின் கிளம்பியது. பிரியும் இடங்களைச் சத்தமில்லாமல் கடந்தது, அட்டை மலைக்குள் நுழைந்து வெளியே வந்தது, ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றும் போனது. சம்பந்தி முட்டி போட்டுக் கண்ணைத் தண்டவாளத்தோடு வைத்துப் பார்த்தார். முகம் சிவந்தது. எழுந்தார். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

பட்டன்கடைக்காரர் அவசரமாகச் சுவிட்சை அணைத்தார். பேரத்தில் எதிராளியின் முகம் வாடும் அளவுக்கு ஜெயிக்கக் கூடாது என்பது கல்லாப்பெட்டியின் முதல் பாடம். அதை மறந்து, அடுத்தவர் பாதையிலேயே வித்தை காட்டியாயிற்று.

"ஒரு தடவையாவது விழ விட்டிருக்கலாம்பா," என்றாள் மகள், மெதுவாக.

கீழே அலமாரிக் கதவு தடாலென்று திறந்தது. எதையோ டொக்கு டொக்கென்று எடுத்து வைக்கும் சத்தம். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படியேறி வந்த சம்பந்தியம்மா டீத் தட்டை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"பயப்படாதீங்கண்ணே, கோபமெல்லாம் இல்லை, இந்தப் பாதை போட்ட நாள்லேருந்து அவரோட பழைய வண்டி ஒண்ணுகூட ஒரு சுத்து முழுசா வந்ததில்லை, அதான் எல்லாத்தையும் சரிபண்ண உங்ககூட அனுப்ப கீழே பெட்டி கட்டிக்கிட்டிருக்காரு."