கம்பவுண்டர் காட்டிய ஒகேனக்கல்

பென்னாகரத்தில் யாருக்கும் பெயர் கிடையாது என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு கம்பவுண்டர். ஊர்க்காரர்கள் அவர் கண்ணுக்குத் தையலாகவும் கட்டியாகவும்தான் தெரிவார்கள். மளிகைக்கடைக்காரரை ‘முழங்கால் நாலு தையல்’ என்பார். எங்கள் தலைமையாசிரியரை எப்படிக் குறிப்பிட்டார் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. நான் ‘புருவம் ரெண்டு தையல்’. பதிலுக்கு ஊரும் அவர் பெயரை மறந்துவிட்டது. அவர் வேலை பார்த்த டாக்டருக்கே அது தெரியுமா என்பது சந்தேகம்.

எண்பதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் குடும்பம் ஒகேனக்கல் போனது. பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் இடம். மெட்ராஸிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், நாங்கள் பார்த்ததில்லை. அருவி எங்கேயும் ஓடிப்போய்விடாது என்பது அப்பாவின் கட்சி. எனக்கு அருவிகூட முக்கியமில்லை, பரிமளாதான் முக்கியம். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள். தான் பரிசலில் போன கதையை ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, பரிசலில் அருவிக்கு நேர் கீழே போகப்போகிறேன் என்று வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிட்டேன். அந்த வயதிலேயே எனக்கு வாய் முன்னால் போகும், நான் பின்னால் போவேன்.

தம்பி ஒரு தும்மல் போட்டால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கம்பவுண்டர் கூட வந்தால்தான் தண்ணீர்ப் பக்கமே வருவேன் என்றாள். அப்பா போய்க் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காக்கிப் பையும் ஒரு பிளாஸ்டிக் கேன் நிறையக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருமாக அவர் வந்து நின்றார். எங்களைவிட அவருக்குத்தான் உற்சாகம் அதிகம். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோர் காதிலும் பஞ்சு வைத்தார். அருவியின் இரைச்சல் செவிக்கு ஆகாதாம். ஆக, அருவியின் சத்தத்தைக் கேட்காமல் ஒகேனக்கல் பார்த்த முதல் குடும்பம் நாங்கள்தான். அடுத்து, குளிப்பதற்கு முன்னால் தெர்மாமீட்டர். தம்பிக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் ‘வர்ற வழியில’ இருக்கிறது என்றார். அவனுக்கு இல்லாத குளியல் உனக்கும் இல்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். காவிரி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, கேனிலிருந்த பென்னாகரம் தண்ணீரில் நாங்கள் கால் கழுவினோம். அருவி எங்கேயோ தூரத்தில், பாறைமேல் காயப்போட்ட வேட்டி மாதிரி தெரிந்தது.

கடைசி நம்பிக்கை பரிசல். கரையில் நின்ற பரிசல்காரரிடம் கம்பவுண்டர் விசாரணையை ஆரம்பித்தார்.

“இது கவுந்துச்சுன்னா என்னங்க பண்றது?”

“இருவது வருசமா ஓட்டறனுங்க. ஒரு தடவகூடக் கவுந்ததில்லைங்க.”

“அப்பக் கவுர்ற நேரம் வந்துருச்சுங்க” என்றார் கம்பவுண்டர், சாவகாசமாக.

அம்மா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் போய்விட்டாள். எனக்கு வகுப்பு முழுவதும் கண்முன் வந்து நின்றது. பரிமளா நடுவில் நின்றாள்.

“உங்களுக்குத்தான் புள்ளைங்களே இல்லியே. எங்க ஆசை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன் கம்பவுண்டரிடம்.

பெரியவர்கள் எப்போதோ வீட்டில் பேசியதைக் கேட்டு வைத்திருந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய தழும்புக்கு அவர் இன்னொரு பெயர் வைத்திருக்கலாம். அவர் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, யாருக்கும் தேவையில்லாத பஞ்சை உருண்டை உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவில்லை. நான் வீராங்கனை.

வீராங்கனை அடுத்துச் செய்த காரியம், மீன் வறுக்கும் இடத்துக்கு நழுவியது. திருவிழாவுக்குச் சேர்த்து வைத்திருந்த காசில் ஒரு துண்டு வாங்கி, யாராவது பார்ப்பதற்குள் தின்றுவிட வேண்டும் என்ற அவசரத்தில் வாயில் அடைத்தேன். முள் தொண்டையில் நட்டுக்கொண்டு நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, குரல் வரவில்லை. திரும்பினால் கம்பவுண்டர் நிற்கிறார். என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

காக்கிப் பையிலிருந்து டார்ச்சும் இடுக்கியும் வெளியே வந்தன. “ஆ காட்டு கண்ணு. இன்னும் கொஞ்சம். அவ்ளோதான்.” முள் வந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். கேனிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னார். அப்பாவிடமும் அம்மாவிடமும், பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, நாளைவரை பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மீன் பற்றி மூச்சு விடவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். நான் வெளியே பார்ப்பதுபோல் அழுதுகொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பள்ளியில், பரிசலில் அருவிக்குக் கீழே போனேன் என்று பரிமளாவிடம் அடித்துச் சொன்னேன். பாறை, சுழல், சாரல் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பியின் இருமல் மருந்துக்காக டாக்டர் வீட்டுக்குப் போனால், மரப்பெஞ்சில் பரிமளா. ஊசி போட அவள் அம்மா அழைத்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் நேராகக் கம்பவுண்டரிடம் திரும்பினாள்.

“மாமா, இவ நெஜமாவே பரிசல்ல போனாளா?”

கம்பவுண்டர் மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

“அதை ஏன் கேக்கற கண்ணு. நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல ஏறிட்டா. அருவிக்கு அடியிலயே கொண்டுபோயிட்டான். இவ தண்ணியில கைய வுட்டுக்கிட்டு சிரிக்கிறா. நான்தான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்.”

பரிமளா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அவர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை ஒகேனக்கல் போயிருக்கிறேன், பரிசலிலும் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மரப்பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடி அவருடன் போய்வந்த மாதிரி ஒரு சவாரி எனக்கு இன்னும் அமையவில்லை.