ஆடும் ஹேண்டில்பாரும் ஆடாத மனிதரும்

கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்கள் ஒரு வகை, சரிசெய்யச் சொல்லி அடுத்தவரை நச்சரிக்கிறவர்கள் இன்னொரு வகை என்று மனித குலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருப்பவரா நீங்கள்? அவசரப்பட்டுவிட்டீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. பழகிக்கொள்கிறவர்கள். பொருள் எந்தப் பக்கம் கோணினாலும் தாமும் அந்தப் பக்கமே கோணிக்கொண்டு, அதைத் திறமை என்று மனதார நம்புகிறவர்கள்.

நாம் பார்க்கப்போகிறவர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரி. நாள் முழுக்க ஊரார் மனுக்களில் 'வாகனப் பராமரிப்பு போதாது' என்று சிவப்பு மையில் எழுதித் தள்ளுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசல் கதவைச் சற்றே தூக்கி, முழங்காலால் ஓர் இடி கொடுத்து, கொஞ்சம் கெஞ்சினால்தான் அது திறக்கும். குளியலறைக் குழாயை மூடுவதற்கு முதலில் முழுக்கத் திறக்க வேண்டும். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே பயிற்சி வகுப்பு தொடங்கிவிடும். "ஒண்ணும் பயப்படாதீங்க, பழகினா சரியாப் போயிடும்" என்பார். அவருடைய மனைவிக்குப் பழகிப் பழகியே பாதி ஆயுள் கழிந்துவிட்டது.

இந்தப் புண்ணியவானின் மோட்டார் சைக்கிளில் ஒருநாள் 'கிரீச்' என்றொரு சத்தம் வந்தது. ஹேண்டில்பாரை வண்டியோடு சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறதே, அதன் போல்ட் தளர்ந்து, 'ஐயா, என்னைக் கொஞ்சம் முறுக்குங்கள்' என்று விட்ட முறையீடு அது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? முறுக்குவோம். அவர் எண்ணெய் விட்டார். சத்தம் நின்றது, கூடவே பிடிப்பும் போனது. வழுக்குகிறதே என்று கிளாம்புக்குள் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகினார். எண்ணெயும் ரப்பரும் சேர்ந்தபின் ஹேண்டில்பார் யாருக்கும் கட்டுப்படாத சுதந்திரப் பிரஜையாகிவிட்டது. பிரேக் பிடித்தால் முன்னால் கவிழும், பள்ளத்தில் இறங்கினால் மடிக்கு வரும்.

"சார், உங்க ஹேண்டில்பார் லூசா இருக்கே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"லூஸ் இல்லீங்க. கொஞ்சம் தாராளமா இருக்கு, அவ்வளவுதான்."

தாராளத்துக்கு ஏற்றபடி ஒரு சவாரி முறையும் வகுத்துவிட்டார். முதுகு மூங்கில் மாதிரி நிமிர்ந்திருக்கும், முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஹேண்டில்பாரை நெஞ்சை நோக்கி இழுத்துக்கொள்வார். தெருவே அவர் நிமிர்வைப் பார்த்து மரியாதை கொடுத்தது.

இவ்வளவும் அவரோடு போயிருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மகளுக்கு வேலை கிடைத்தது. ஊரின் மறுகோடியில் ஒரு பரிசோதனைக் கூடம். திங்கட்கிழமை சேர வேண்டும். வண்டி அவளுக்கு, அலுவலகப் பேருந்து அவருக்கு என்று முடிவாயிற்று. ஞாயிறு காலை அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, தம்முடைய கலையைக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினார்.

"முக்கியமான விஷயம்மா, பிரேக் போடறப்ப முன்னால சாயவே கூடாது."

"அப்பா, பிரேக் போட்டா எல்லாரும் முன்னாலதான் சாய்வாங்க."

"அவங்களுக்குப் பழக்கம் இல்ல."

தெருமுனையில் தண்ணீர்க் கேன் வண்டி ஒன்று பின்பக்கமாக வந்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். ஹேண்டில்பார் முழுவதுமாக முன்னால் கவிழ்ந்தது. கைக்கு எட்டும் இடத்தில் பிரேக்கே இல்லை. அவருடைய மூக்கு வேகமானியைத் தொட்டது. மகள் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினாள். கேன் வண்டிக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடம். வேலைக்கென்று வாங்கிய செருப்பு வாய் பிளந்துவிட்டது.

"பாத்தியா, சமாளிச்சுட்டேன்ல?" என்றார் வேகமானியிடமிருந்து முகத்தை எடுத்தபடி.

மகள் பிளந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நாளைக்கு இவள் தனியாகப் போவாள், காலைத் தேய்த்து நிறுத்தப் பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் அவருக்கு வந்தது. மனுஷர் பயந்துதான் போனார். மறுபேச்சில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்கு நடந்தார்.

மெக்கானிக் கிளாம்பைக் கழற்றிப் பார்த்தார். "யாரு சார் இதுல எண்ணெய் விட்டது?"

"தெரியலீங்க. முன்னாடி வச்சிருந்தவரா இருக்கலாம்."

வண்டி அவரே புதிதாக வாங்கியது. மகள் கூரையைப் பார்த்தாள்.

ரப்பரை எடுத்தெறிந்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்து, தேய்ந்த போல்ட்டுகளை மாற்றி, ஒன்றையே முறுக்கிக்கொண்டு போகாமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கடைசியில் தன் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்திப் பார்த்தார் மெக்கானிக். அசையவில்லை. இருபுறமும் திருப்பி, கேபிள் எதுவும் இழுபடவில்லை என்றும் பார்த்துக்கொண்டார். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

திங்கள் காலை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"வண்டியக் கெடுத்துட்டான்."

"என்னப்பா ஆச்சு?"

"கைக்கு வேலையே இல்ல. சும்மா உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

செருப்பு மாட்டப் போன மகள் திரும்பி வந்தபோது, கிளாம்ப் மேல் ஸ்பேனரோடு குனிந்திருந்தார். "லேசாத்தாம்மா. நம்ம வண்டி மாதிரி இருக்கட்டுமேன்னு..."

மகள் ஸ்பேனரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். "நேத்து பின்னால நான் இருந்தேன், அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். வண்டி நேராகப் போனது. அது தெருமுனை திரும்பும்வரை, இல்லாத ஹேண்டில்பாரை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தார் மனிதர்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? சந்தோஷம். போகிறபோக்கில் ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு நேரமும் இதைப் படித்துக்கொண்டிருந்தீர்களே, அந்த நாற்காலியில் ஏன் இடது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்?