முப்பத்திரண்டு பிளக் பாயிண்ட்

லிப்ட் பாதியில் நின்றபோது உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மருத்துவமனையின் மின் பராமரிப்பைப் பார்க்கும் சூப்பர்வைசர் ராஜவேலு, ஸ்ட்ரெச்சரில் ஒரு பிணம், பிணத்தின் மைத்துனர்.

“எவ்ளோ நேரம்பா ஆவும்?” என்றார் மைத்துனர்.

“அஞ்சு நிமிஷம் சார். பிரேக்கர் விழுந்திருக்கும். கீழ ஆள் இருக்குது, போட்டுடுவாங்க.”

“அவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எனக்குத்தான் செய்யாறு பஸ்ஸு.”

நாற்பது நிமிடம் ஆயிற்று. பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் லிப்டுக்குள் இருந்தார்.

காரணம் ராஜவேலுவுக்கு இருட்டிலேயே தெரிந்துவிட்டது. அது இரண்டாயிரத்து எட்டாம் வருடம். பெட்ரோல் விலை ஏறுகிறதென்று, காஞ்சிபுரத்தின் எல்லையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனை தன் நர்ஸுகளுக்குத் தவணையில் இருபது பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தது. அவற்றுக்கு சார்ஜ் ஏற்ற இடம் வேண்டும். “வண்டி ஸ்டாண்ட் ஷெட்ல எட்டு பாயிண்ட் போடுங்கோ, போதும்,” என்றார் நிர்வாக அதிகாரி சக்ரவர்த்தி. ராஜவேலு பக்கத்தில் இருந்த பேனலிலிருந்து லைன் இழுத்தார். அது லிப்டுக்குப் போகும் பேனல்.

மறுநாள் அந்த லைனைக் கழற்றி கேன்டீன் பேனலில் கொடுத்தார். லிப்ட் நிற்கவில்லை. கேன்டீன் கிரைண்டர் நின்றது. இருநூறு நோயாளிகள் இரண்டு நாள் காய்ந்த ரொட்டி தின்றார்கள்.

அதைச் சரிசெய்வதற்குள் மழை வந்தது. ஷெட் ஒழுகியது. சுகாசினி என்ற நர்ஸ் ஈரக் கையோடு பிளக்கைத் தொட்டு, தூக்கி எறியப்பட்டாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த ராஜவேலு அன்றே ஷெட்டின் லைனைக் கழற்றிவிட்டார்.

அந்த ஸ்கூட்டரில் பேட்டரியைப் பெட்டியாகக் கழற்றலாம். பதினோரு கிலோ. அதை நினைத்து ராஜவேலு ஒரு முடிவுக்கு வந்தார். வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கட்டும், பேட்டரி மட்டும் உள்ளே வரட்டும். பழைய துணி அறையைக் காலி செய்து, இரும்பு ரேக் அடித்து, பதினாறு பாயிண்ட் வைத்தார்.

இரண்டே வாரத்தில் பதினாறும் போதவில்லை. ஒருத்தி பேட்டரியை இன்னொருத்தி பிடுங்கிவிட்டு, தன் பேட்டரியைச் சொருகினாள். ஷிப்ட் மாறும்போது சண்டை. லேபிலிருந்து வந்தார்கள், மருந்துக் கடையிலிருந்து வந்தார்கள், பில் போடும் இடத்திலிருந்தும் வந்தார்கள். எல்லாரும் சொந்தமாக வண்டி வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று ராஜவேலுவுக்கு உள்ளூர ஒரு பெருமை. பாயிண்ட்டை முப்பத்திரண்டாக்கினார். ‘இன்னும் ஐந்து வருடத்தில் நூற்றி இருபது’ என்று ஒரு திட்டமே வரைந்து கொடுத்தார்.

“பேஷ், எந்த ஆஸ்பத்திரியிலயும் இப்படி ஒண்ணு கிடையாது,” என்றார் சக்ரவர்த்தி. ஏப்ரலில் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார். ஒன்பது வருடம் கான்ட்ராக்டில் ஓட்டிய ராஜவேலு அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் தலைமை நர்ஸ் மேரி வந்து நின்றாள். அப்போது ஊர் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு.

“சார், கரண்ட் போற நேரத்துல சார்ஜ் ஏறல. பாதி ரோட்ல நின்னுச்சின்னா பொம்பள புள்ளைங்க என்னா பண்ணும்? ஜெனரேட்டர்ல குடுத்துடுங்க.”

“தாங்காதுமா. அதுலதான் ஆபரேஷன் தியேட்டர் ஓடுது.”

மேரி நேராக சக்ரவர்த்தியிடம் போனாள். மாலைக்குள் எழுத்தில் உத்தரவு வந்தது. ராஜவேலு கொடுத்தார்.

நான்காம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, முப்பத்திரண்டு பேட்டரியையும் எக்ஸ்ரேயையும் ஒன்றாகச் சுமந்த ஜெனரேட்டர் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. மாடியில் டாக்டர் ஹர்ஷவர்தன், கோதண்டபாணி என்ற நெசவாளியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

ராஜவேலு ஓடிய ஓட்டத்தில் செருப்பு அறுந்தது. தியேட்டர் வாசலில் கோதண்டபாணியின் மனைவி கமலாட்சி எழுந்து நின்றாள்.

“அண்ணா, கரண்ட் பூட்ச்சே. உள்ள ஒண்ணும் ஆவாதில்ல?”

ராஜவேலு நிற்காமல் ஓடினார். பேட்டரி அறையின் ஃபியூஸைப் பிடுங்கி, ஜெனரேட்டரை மறுபடி எழுப்ப நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் ஒரு நர்ஸ் செல்போன் டார்ச்சைக் காட்ட, டாக்டர் ரத்தக் குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கோதண்டபாணி பிழைத்துக்கொண்டார். டாக்டர் வெளியே வந்து ராஜவேலுவை ஒன்றும் திட்டவில்லை. நடுங்குகிற தன் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்றே மெமோ வந்தது. ‘உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?’

எழுத்தில் உத்தரவு கொடுத்தவர்தான் அதிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். ராஜவேலு மனைவியிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்ததும் பேட்டரி அறைக்குப் போகும் லைனையே துண்டித்தார். பத்து மணிக்கு அவர் அறை வாசலில் கும்பல். வார்டு ஆயா ரேணுகாம்பாள் அழுதாள்.

“அண்ணா, உன் கால்ல வேணும்னாலும் வுழறேன். ஒரு நாலு மணி நேரம் போட்டு வுடுண்ணா. எங்க வூட்டுக்காரர் என்னை உள்ள சேக்க மாட்டாரு.”

ஒரு வண்டிக்காக இப்படியும் அழுவார்களா என்று ராஜவேலு திகைத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மின்வெட்டு நேரத்துக்கு மட்டும் கிடையாது என்று சொல்லி, ஜெனரேட்டரை விட்டுவிட்டு கேன்டீன் பேனலிலிருந்து லைனைப் போட்டார். அரை மணியில் கேன்டீன் கிரைண்டர் மறுபடி நின்றது.

சக்ரவர்த்தி கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் மெமோவும் ஒரு விண்ணப்பமும் அருகருகே இருந்தன.

“இதுக்கு ஒரே வழிதான். தனியா டிரான்ஸ்பார்மர். மின்வாரியத்துக்கு இன்னிக்கே எழுதிடணும். சரியா எழுதிக் குடுத்தேள்னா இந்த மெமோவைக் கிழிச்சுடறேன். இல்லேன்னா திங்கட்கிழமை நீங்க வர வேண்டாம்.”

ராஜவேலு எழுதினார். இடம், லோடு, நேரம். நான்காவது கட்டத்தில் நின்றார்.

“வண்டிகளோட எண்ணிக்கை கேக்கறாங்க சார்.”

“பாயிண்ட்டை வச்சுண்டு உத்தேசமா போடாதேள். ஒண்ணு குறைச்சு எழுதினாலும் நாளைக்கு இதே கதைதான். ஸ்டாண்ட் வாட்ச்மேனைக் கூப்பிடுங்கோ.”

வாட்ச்மேன் காசிநாதன் மூச்சு வாங்க வந்தார். வலது தோளில் ஒரு பெரிய ஒயர் கூடை இழுத்துக்கொண்டிருந்தது. அதை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார்.

“காசிநாதன், நம்ம ஸ்டாண்டுக்கு மொத்தம் எத்தனை பேட்டரி வண்டி வருது? யோசிச்சு, சரியாச் சொல்லும்,” என்றார் சக்ரவர்த்தி.

காசிநாதன் கூடையை சக்ரவர்த்தியின் பக்கம் நகர்த்தினார்.

“ரெண்டு பேர் ஏறினா நவுர மாட்டேங்குதுன்னு வண்டிய எல்லாரும் அப்பவே மூலையில போட்டாங்களே சார், இப்ப வண்டி இல்லாதவங்ககூட பேட்டரிய மட்டும் வாங்கி, பஸ்ல தூக்கியாந்து சார்ஜ் ரொப்பிக்கினு போயி, வூட்ல கரண்ட் இல்லாதப்ப ஃபேனு ஓட்டறாங்க, இதோ, உங்க வூட்டம்மா குடுத்தனுப்பிச்ச ரெண்டையும் எந்த பிளக்குல சொருவறது?”