மூடிய கதவுக்குள் அதிர்வு ஐயா

விடிந்தும் விடியாததுமாக அந்த மாடிப்படியில் வரிசை நின்றுவிடும். வரிசையில் நின்றவர்கள் நோயாளிகள் அல்ல; நோயாளிகள் அவர்கள் கையில் இருந்தார்கள். மடிக்கணினியைத் துண்டில் சுற்றி, காய்ச்சல் கண்ட குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். வழக்கறிஞர் இருந்தார். தலைமையாசிரியர் இருந்தார். தணிக்கையாளர் ஒருவரும் இருந்தார். ஒரு கூட்டலை இரண்டு தடவை சரிபார்க்காமல் நம்பாத மனிதர். அன்று மட்டும் அந்தப் புத்தியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

எல்லாருடைய கணினியிலும் இயங்குதளம் அப்போதுதான் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. மாறிய மறுநாளிலிருந்து தானாக ஓடிய வேலைகள் எல்லாம் படுத்துவிட்டன. தானாகப் போகும் ரசீது போகவில்லை. தானாக அடிக்கும் பள்ளி மணி அடிக்கவில்லை. மென்பொருள் விற்றவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டால் முதலில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும், நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். அதற்குப் பாட்டே தேவலை.

மாடியில் குடியிருந்தவர்தான் அதிர்வு ஐயா. போன மாதம்வரை பிரின்டருக்கு மை விற்றவர். இப்போது வெள்ளை ஜிப்பா, கழுத்தில் செப்புக் கம்பிச் சுருள், கையில் ஒரு கருங்கல், இன்னொரு கையில் தட்டினால் ‘ஙொய்ங்’ என்று நீளும் ஓர் இரும்பு இசைக்கவை. கணினிக்கும் உயிர் உண்டு, பதிப்பு மாறும்போது அதன் அதிர்வு கலைந்துவிடுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார். ஙொய்ங் சத்தம் கேட்கும். கதவு திறக்கும்போது கணினி ஓடிக்கொண்டிருக்கும்.

ஓடியது என்பதுதான் விசேஷம். ஆனால் அன்றைக்கு மட்டும்தான் ஓடும். மறுநாள் காலையில் மறுபடி படுத்துக்கொள்ளும். ராத்திரி அதிர்வு இறங்கிவிடுகிறதாம். ஆகவே தினமும் காணிக்கையோடு வரவேண்டும். பல் விளக்குவதை மறந்தாலும் மக்கள் அதை மறக்கவில்லை.

அந்தத் தெருக்கோடியில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மட்டும் ஐயா நேரிலேயே எழுந்தருளினார். அதன் முதலாளி பெரிய புள்ளி. அங்கே கருவி சோதித்துச் சொல்லும் அளவுகளை எடுத்து, அறிக்கையில் ஏற்றி, மருத்துவமனைகளுக்கு அனுப்பிவந்தது ஒரு தானியங்கி மென்பொருள். அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து படுத்துவிட்டது. முன்மேசையில் உட்கார்ந்திருந்த பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், எல்லா அறிக்கையையும் கையால் தட்டச்சு செய்து விரல் வீங்கிப்போயிருந்தாள்.

முதல்நாள் ஐயா வந்து கதவைச் சாத்தப்போனபோது அவள்தான் தெரியாத்தனமாக ஒன்று கேட்டுவிட்டாள்.

“கதவ எதுக்கு ஐயா சாத்தணும்? நாங்களும் பாத்துக் கத்துக்கலாமில்ல?”

ஐயா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணை மூடினார். கவையைத் தட்டி அவள் தலைக்கு மேல் பிடித்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, இவள் எப்போது வேலைக்குச் சேர்ந்தாள் என்று விசாரித்தார். பதிப்பு மாறிய அன்றுதான் என்றார் முதலாளி. அவ்வளவு போதாதா? அவள் உடம்பில் எதிர் அதிர்வு ஓடுகிறது, இயந்திரத்தின் உயிரைக் குடிப்பது அதுதான் என்று தீர்ப்பாகிவிட்டது. அன்றைக்கு அந்த ஊரில் இன்னும் எத்தனையோ பேர் வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் யாரும் கதவைப் பற்றிக் கேட்கவில்லை.

அதிலிருந்து ஐயா வரும்போதெல்லாம் அவள் தெருவில் போய் நிற்கவேண்டும். வெயிலோ மழையோ, நிற்கவேண்டும். கூட வேலை செய்தவர்கள் அவள் தொட்ட பேனாவைத் தொடவில்லை. மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். கொடுமை என்னவென்றால் அவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள். வீட்டில் மிக்ஸியைத் தொடப் பயந்தாள். அவள் கணவன்தான் அரைத்தான். ஐயாவால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அது.

அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மா விடுப்பு முடிந்து வந்தபோது, அந்தப் பெண் தூறலில் நின்றுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டார். தன் உடம்பில் கெட்ட அதிர்வு இருக்கிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நாடியைப் பார்த்துவிட்டு, நாடியைத் தவிர வேறெதுவும் அடிக்கவில்லை என்றார். பிறகு நேரே முதலாளியின் அறைக்குப் போனார்.

“சார், ஒரு ஊசிக்குப் பலன் இருக்கான்னு பாக்கணும்னா நாம என்ன செய்வோம்? போட்டும் பாப்போம், போடாமயும் பாப்போம். இந்தப் பொண்ணு வெளிய நின்னா ஓடுதுங்கறீங்க. உள்ள நின்னா ஓடலைன்னு என்னைக்காவது பாத்தீங்களா?”

முதலாளி பார்த்ததில்லை. விஷப்பரீட்சை எதற்கு என்று விட்டுவிட்டாராம். நாளைக்கு ஒரு நாள் தன்னோடு ஹாலில் உட்கார்ந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. மறுக்க முதலாளிக்கு வாய் வரவில்லை. டாக்டரம்மா கையெழுத்தை நிறுத்திவிட்டால் நிலையத்தையே மூடவேண்டியதுதானே.

மறுநாள் காலை டாக்டரம்மா இரண்டு காரியம் செய்தார். அறிக்கை அறையில் சாம்பிள் வைக்கும் குளிர்பெட்டிக்கு முன்னால் ஒரு துணித்தடுப்பு உண்டு. அதன் பின்னால் அந்தப் பெண்ணை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஹாலில் டோக்கன் எண் காட்டும் பெரிய டிவி அறிக்கை அனுப்பும் அதே கணினியோடுதான் இணைந்திருந்தது. கணினியில் தெரிவதை அப்படியே டிவியிலும் காட்டும்படி மாற்றிவைத்தார்.

ஐயா வந்தார். கல்லை மேசையில் வைத்தார். அந்தப் பெண் வெளியே போய்விட்டாளா என்று கேட்டார்.

“அவ இருக்கவேண்டிய இடத்துல இருக்கா” என்றார் டாக்டரம்மா.

கதவு சாத்தப்பட்டது. ஹாலில் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நோயாளிகள் டிவியை நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளேயிருந்து ‘ஙொய்ங்’ என்றது. டிவியில் அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. திரையின் மூலைக்குப் போய் அங்கே ஒளிந்திருந்த சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்தது. ‘இந்த மென்பொருள் மற்ற நிரல்களை இயக்க அனுமதிக்கலாமா?’ என்று கேட்டது அந்தப் பெட்டி. கீழே மூன்று பதில்கள்: ‘கூடாது’, ‘இந்த முறை மட்டும்’, ‘எப்போதும்’.

உள்ளே மறுபடி ஒரு ஙொய்ங். அம்புக்குறி ‘எப்போதும்’ என்பதைத் தாண்டி வந்து, ‘இந்த முறை மட்டும்’ மேல் நின்று, அமுக்கியது. உடனே அறிக்கைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியவர்தான் முதலில் கேட்டார். “எப்பவும்னு ஒண்ணு இருக்கே, அத ஏன் அமுக்கல?”

கதவு திறந்தது. ஐயா வேர்வையைத் துடைத்தார். இன்று எதிர்ப்பு பலமாக இருந்தது, அந்தப் பெண் தூரத்தில் இருந்ததால்தான் கணினி தப்பித்தது என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் துணித்தடுப்பு விலகியது. அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான் தடுமாறினார், தொழில்காரர் அல்லவா?

“அதான பாத்தேன். பக்கத்துலயே இருந்திருக்கு. அதனாலதான் இவ்வளவு எதிர்ப்பு.”

“அப்படியா?” என்றார் டாக்டரம்மா. “நாளைக்கு நீங்க மவுஸத் தொடவேண்டாம். கல்லு, கம்பி, கவை எல்லாம் வச்சுக்குங்க. இந்த ஹால்ல எங்களோட உக்காந்து ஓடவச்சுக் காட்டுங்க.”

ஐயா டிவியைப் பார்த்தார். தன் அம்புக்குறி நடுத்தெருவில் நிற்பதைக் கண்டார். வேறு ஒரு இடத்தில் அவசர வேலை இருப்பது அவருக்குத் திடீரென்று நினைவு வந்தது.

அந்தப் பெண் வழியில் நின்றாள். விலகவில்லை.

“என் உடம்புல என்னமோ ஓடுதுன்னு சொன்னீங்களே ஐயா, அத எதவச்சுக் கண்டுபிடிச்சீங்க?”

ஐயா அவளைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார். மாடிப்படிவரை நடந்தே போனார். செய்தி அவருக்கு முன்னால் ஓடிப்போயிருந்தது.

அதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. புதிய பதிப்பு ஒவ்வொரு மென்பொருளுக்கும் அனுமதி கேட்டது. ‘இந்த முறை மட்டும்’ என்று கொடுத்த அனுமதி, ராத்திரி கணினியை அணைத்ததும் போய்விடும். ஊரே அந்தப் பெட்டியை ஈ ஓட்டுவதுபோல மூடிவிட்டது. அதைப் படித்துப் பார்த்த ஒரே ஆள் மை விற்றவர். அவர் அடைந்த சித்தி அவ்வளவுதான்.

டாக்டரம்மா சொல்ல, அந்தப் பெண்தான் ‘எப்போதும்’ என்பதை அமுக்கினாள். மறுநாள் யாரும் கதவைச் சாத்தவில்லை. அறிக்கைகள் தாமாகப் போயின. முதலாளி அவளிடம் வந்து, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவேண்டாம், வேலையில் இருக்கலாம் என்றார். இருக்கிறேன் என்றாள். ஆனால் இனி மழையில் யாரை நிறுத்துவதானாலும் காரணத்தை முதலில் சோதித்துவிட்டு நிறுத்துங்கள் என்றும் சொன்னாள். முதலாளி தலையாட்டினார். போகும்போது டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, ஐயா விட்டுப்போன கல் மட்டும் கணினிமேல் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, கெடுதல் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

பாருங்கள், ஒரு தகரப் பெட்டிகூட யார் வந்து ‘செய்’ என்றாலும் செய்துவிடாமல், ‘உனக்கு நான் ஏன் இடம் கொடுக்கவேண்டும்?’ என்று கேட்கப் பழகிக்கொண்டது. அதை வாங்கி வைத்திருக்கும் மனிதர்களே, உங்கள் புதிய பதிப்பு எப்போது வரும்?