சீப்பு வைத்திருந்த வழுக்கைத் தலையர்

திருவள்ளூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே ஓடுகிற அத்தனை மின்சார ரயில்களிலும் தேடினாலும் 'வாட் இஸ் தி யூஸ்' போல இன்னொரு மனிதர் அகப்பட மாட்டார். அவர் நிஜப் பெயர் எங்கள் பெட்டியில் யாருக்கும் தெரியாது. பாரிமுனையில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. யார் எதைச் செய்தாலும் 'வாட் இஸ் தி யூஸ்?' என்று கேட்பார்; அதுவே பெயராகிவிட்டது.

ரயில் மின்விசிறி நின்றுபோனால் கம்பிக்குள் சீப்பை விட்டு இறக்கையைத் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். "சுத்தினா மட்டும் காத்து வந்துருமா? வாட் இஸ் தி யூஸ்?" என்பார். சொல்லிக்கொண்டே தன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பார். தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. சீப்பு மின்விசிறிக்காகவே வாங்கியது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாளே பூஜை போட்டு எங்கள் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டுவோம். "இத்த கட்டினா வண்டி பேசின் பிரிட்ஜு சிக்னல்ல நிக்காம பூடுமா?" என்று ஆரம்பிப்பார். கன்றைச் சுமந்து வந்தவரே அவர்தான்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. எங்கள் ஊர் பட்டாபிராமில் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் கைத்தடியோடு ஏற முடியுமா? முடியாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். ஞாயிறுதோறும் வந்து என்னைப் பிளாட்பாரம்வரை நடத்திப் போனவர் அவர். நடந்து என்ன பிரயோஜனம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார். எரிச்சலில் எனக்கு நடை வேகம் கூடிவிடும்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று பெட்டியில் ஆயுத பூஜை. ரயில் நின்றது. வாசலில் அவர் கை நீட்டியபடி நின்றார்.

"நீ ஏறி வாட் இஸ் தி யூஸ்? ஏறு மாமே."

ஏறிவிட்டேன். அவர் என் கைத்தடியை வாங்கி, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"இதுக்குப் பொட்டு வெச்சா கால் சரியாப்பூடுமா? வாட் இஸ் தி யூஸ்?" என்று கேட்டேன். பெட்டியே சிரித்தது.

மனிதர் சந்தன விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆவுதோ ஆவலியோ, வெச்சி வைப்போம்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

இப்போது தடியில்லாமல் நடக்கிறேன். இனி இதை வைத்துக்கொண்டு என்ன பயன், தூக்கிப் போடலாமே என்கிறாள் மனைவி. எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சந்தனம் உதிராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.